தலைசுற்று வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

விடியற்காலை நாலு மணி இருக்கும். அம்மாவின் அறையிலிருந்து ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மக்களே, வீடு சுத்துது, என்னைப் பிடி, விழப்போறேன்" என்கிறாள். கட்டிலில் படுத்திருக்கிறவள் எங்கே விழுவாள் என்று நமக்குத் தோன்றும், ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் அறையே புரண்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அடங்கிவிட்டது. வலது பக்கம் திரும்பிப் படுத்ததும்தான் வந்தது என்று அப்புறம் சொன்னாள்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில் கிறக்கம், அதாவது தலைசுற்று, என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பித்தம் கூடிட்டு என்பார்கள், பிரஷர் என்பார்கள், கழுத்து எலும்பு தேஞ்சிருக்கு என்பார்கள். அம்மாவுக்கும் கழுத்து எக்ஸ்ரே எடுத்தோம், கழுத்துப் பட்டை வாங்கி மாட்டினோம், தலைசுற்று மாத்திரை எட்டு மாதம் விழுங்கினாள். கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, கண்ணையே உற்றுப் பார்த்தார். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு கருவிழியும் சுழன்று சுழன்று மேலே துள்ளியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அங்கேயே தலையை நாலைந்து நிலைகளில் திருப்பி, எழுப்பி உட்காரவைத்தார். மொத்தம் 5 நிமிஷம். அன்று ராத்திரி அம்மா வலது பக்கம் படுத்துத் தூங்கினாள்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு என் இடது காது போயிருந்தது. அது வேறு கதை, கீழே சொல்கிறேன். இரண்டுமே உள்காதில் வந்த கோளாறுதான். அம்மாவுக்கு வந்தது எட்டு மாதம் கழித்தும் சரியாயிற்று. எனக்கு வந்ததற்கு ஒவ்வொரு நாளும் கணக்கு, அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்தக் கிறக்கத்துக்குப் பதறி ஓட வேண்டும், எதற்கு நிதானமாகப் போகலாம், போனால் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உள்ளே என்னதான் இருக்கிறது

செவிப்பறைக்கு அப்பால், மண்டையோட்டிலேயே கெட்டியான எலும்புக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பது உள்காது. அதில் ஒரு பாகம் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும், கேட்பது அதன் வேலை. அதை ஒட்டி மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள், உள்ளே இருக்கிற நீர்க்குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று சொல்வார். அந்த மாதிரி, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தத் திரவம் அசைவதை வைத்து மூளை தெரிந்துகொள்கிறது. மூன்று குழாயும் வந்து சேரும் இடத்தில் சின்னச் சின்னக் கால்சியம் துகள்கள் ஒரு பசை மாதிரியான படலத்தின்மேல் ஒட்டியிருக்கும், அவை நாம் நேராக இருக்கிறோமா சரிந்திருக்கிறோமா என்று சொல்லும்.

இடது காதும் வலது காதும் சொல்வது ஒத்துப்போனால் உலகம் நிலையாக நிற்கும். ஒன்று தப்பாகச் சொன்னால் மூளை குழம்பும், கண் துள்ளும், வீடு சுற்றும், வாந்தி வரும். கேட்பதும் நிலைகொள்வதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் கிறக்கத்தோடு காது மந்தமோ இரைச்சலோ சேர்ந்து வந்திருக்கிறதா என்பது அவ்வளவு முக்கியமான கேள்வி.

டாக்டரிடம் போகும் முன் குறித்துக்கொள்ள வேண்டியது

"தலை சுத்துது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் பிரஷர் பார்ப்பார், ஒரு மாத்திரை எழுதுவார், அவ்வளவுதான் அவரால் முடியும். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருபது நோய் இருக்கிறது. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு, அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவது, சோகை, சாப்பிடாமல் இருந்தது இப்படி ஏதாவது. சுற்றியிருக்கிற பொருள் ராட்டினம் மாதிரி சுழல்வது வேறு. நடக்கும்போது வள்ளத்தில் நிற்கிற மாதிரி ஆடுவது இன்னொன்று. எது என்று முதலில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது கடிகாரம். ஒரு தடவை சுற்று வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? வந்தவருக்கு ஒரு நிமிஷம் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும், அதனால் பக்கத்தில் இருப்பவர் செல்போனில் பார்த்துச் சொல்வது நல்லது. நொடிக்கணக்கில் அடங்கி, திரும்பிப் படுத்தால், குனிந்தால், அண்ணாந்தால் மட்டும் வருகிறது என்றால் ஒரு வகை. அரை மணி, இரண்டு மணி, சில சமயம் அரைநாள் என்று இருந்து, கூடவே ஒரு காது அடைத்து இரைகிறது என்றால் இன்னொரு வகை. நாள்கணக்கில் விடாமல் சுற்றுகிறது என்றால் மூன்றாவது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த எந்த அளவிலும் வரலாம், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகும், தலைவலி இல்லாமல் சுற்று மட்டும் வருவதும் உண்டு, ஆகவே முன்பு தலைவலி இருந்ததா, வீட்டில் யாருக்காவது உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரியம் செய்யுங்கள். சுற்று இருக்கும்போதே கண்ணைத் திறக்கச் சொல்லி, முகத்துக்குப் பக்கத்தில் செல்போனைப் பிடித்து அரை நிமிஷம் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது சுற்று நின்றிருக்கும், கண்ணும் சும்மா இருக்கும். அந்த வீடியோவில் கருவிழி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பது அவருக்குப் பாதி விடை.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்

கிறக்கத்தோடு பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், ஒரு பக்கக் கையோ காலோ மரத்தால் அல்லது தளர்ந்தால், விழுங்க முடியாமல் போனால், இதுவரை வராத கடுமையான தலைவலியோ கழுத்துவலியோ வந்தால், எதையாவது பிடித்துக்கொண்டும்கூட நிற்க முடியாமல் சரிந்தால், யோசிக்க வேண்டாம், 108. சிறுமூளையில் ரத்த ஓட்டம் தடைபடுவது சில பேருக்கு வெறும் தலைசுற்று மாதிரியேதான் தொடங்கும். சர்க்கரை, பிரஷர், இதய நோய், புகைப்பழக்கம் உள்ளவருக்கு முதன்முறையாக வந்து மணிக்கணக்கில் நிற்காத சுற்று என்றால், கூடவே காதும் திடீரென்று அடைத்திருந்தால் இன்னும், மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். தலை சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் அந்த இடத்துப் பக்கவாதம் ஆரம்ப மணிநேரங்களில் அதில் தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் அனுபவமுள்ள டாக்டர்கள் ஸ்கேனைவிடக் கண்ணைப் பார்க்கிறார்கள். தலையைச் சட்டென்று திருப்பி, பார்வை தங்கள் மூக்கிலேயே நிற்கிறதா விலகித் திரும்பி வருகிறதா என்று சோதிப்பார்கள். விடாமல் சுற்றுகிறபோது பார்வை விலகி வந்தால் பெரும்பாலும் காது நரம்பு. அவ்வளவு சுற்றிலும் பார்வை அசையாமல் நின்றால்தான் மூளையைச் சந்தேகிப்பார்கள். நமக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

நொடிக்கணக்குச் சுற்று: துகள் இடம் மாறுவது

அம்மாவுக்கு வந்தது இது. அந்தக் கால்சியம் துகள்கள் ஒட்டியிருந்த இடத்திலிருந்து உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும், பெரும்பாலும் பின்பக்கக் குழாயில். தலை அசையும்போது துகள் உருண்டு திரவத்தை இழுக்கும், தலை நின்ற பிறகும் "இன்னும் சுழல்கிறாய்" என்று மூளைக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கும். டாக்டர்கள் சீட்டில் பி.பி.பி.வி. என்று எழுதுவார்கள். தலைசுற்று நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். வயது ஏற ஏற வரும், தலையில் அடிபட்ட பிறகு வரும், ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கு வரும். காது கேட்பதில் எந்த மாற்றமும் இருக்காது.

கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. அம்மாவுக்கு அந்த டாக்டர் செய்தாரே, சாய்த்துப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பது, அதன் பெயர் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, 1952-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். சரிசெய்கிற முறை எப்ளி முறை, ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் 1992-இல் விரிவாக வெளியிட்டார். துகளைக் கரைக்க மாத்திரை கிடையாது. வந்த வழியே உருட்டித் திருப்பி விடுவதுதான் வைத்தியம். எட்டு மாதம் மாத்திரை தின்ற வீட்டுக்காரனாகச் சொல்கிறேன், இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை டாக்டர் கையால் செய்துகொள்ளுங்கள், எந்தக் காது, எந்தக் குழாய் என்று அவர்தான் சொல்ல வேண்டும். பின்பக்கக் குழாய்தான் என்று உறுதியாகி, அவரும் சரி என்று சொன்னால், திரும்ப வரும்போது வீட்டிலேயே செய்யலாம். வலது காதுக்கு எப்படி என்று சொல்கிறேன், இடது காது என்றால் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். படுத்தால் தோளுக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு தலையணையைப் பின்னால் போட்டு வையுங்கள், தலைக்கு அல்ல, தோளுக்கு. தலையை வலது பக்கம் பாதி, அதாவது 45 டிகிரி திருப்புங்கள். அப்படியே வெடுக்கென்று மல்லாந்து படுங்கள், தலை தலையணையைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் தொங்கி மெத்தையில் பட வேண்டும். சுற்றும், பயங்கரமாகச் சுற்றும், கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். அடங்கிய பிறகும் அரை நிமிஷம் பொறுங்கள். அடுத்து, தலையைத் தூக்காமல் மெல்ல இடது பக்கம் திருப்புங்கள், வலது பக்கம் பாதி திரும்பியிருந்தது இப்போது இடது பக்கம் பாதி திரும்பியிருக்கும். மறுபடி அரை நிமிஷம், ஒரு நிமிஷம். அப்புறம் உடம்போடு இடது பக்கம் புரண்டு படுங்கள், தலையும் கூடவே திரும்பி மூக்கு மெத்தையைப் பார்க்கிற மாதிரி ஆக வேண்டும். இந்த நிலையில் மறுபடி சுற்று வரலாம், வந்தால் பயப்படாதீர்கள், துகள் நகர்கிறது. மறுபடி அவ்வளவு நேரம். கடைசியில் நாடியை, அதாவது முகவாயை, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்தே காலைக் கீழே தொங்கவிட்டு எழுந்து உட்காருங்கள். உடனே எழுந்து நடக்காதீர்கள், பத்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், ஒரு வாளியும் இருக்கட்டும்.

கழுத்து எலும்பில் பெரிய கோளாறு, முடக்குவாதம், சமீபத்தில் விழித்திரை விலகிச் சிகிச்சை எடுத்தது, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, இவை உள்ளவர்கள் வீட்டில் செய்யக்கூடாது. செய்துமுடித்த ஓரிரு நாள் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கும், போய்விடும். முன்பெல்லாம் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே தூங்கச் சொல்வார்கள், அது தேவையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. பக்கவாட்டுக் குழாயில் துகள் இருந்தால் எப்ளி வேலை செய்யாது, அதற்கு உருண்டு திரும்புகிற வேறு முறை, ஆகவே இரண்டு மூன்று தடவை செய்தும் அசையவில்லை என்றால் திரும்ப டாக்டரிடம் போங்கள். சரியான பிறகும் சில மாதமோ வருஷமோ கழித்துத் திரும்ப வருவது சகஜம். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது, அந்த ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் வேலைக்காரர்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. தென்னை, பனை ஏறுகிறவர்கள் அண்ணாந்து பார்த்த நொடியில் சுற்று வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார்கள், சரிவான தோட்டம், கையில் கத்தி. சரியாகும்வரை ஏணி, மரம், பைக் மூன்றையும் விட்டுவிடுங்கள். கூலி போகும்தான், தெரிந்தே சொல்கிறேன்.

மணிக்கணக்குச் சுற்று

ஒரு காது அடைத்த மாதிரி கனக்கும், கடல் இரைகிற மாதிரி இரைச்சல் கூடும், காது மந்தமாகும், அப்புறம் சுற்று, வாந்தி. இருபது நிமிஷத்திலிருந்து அரைநாள் வரை. அடங்கிய பிறகு காது பழையபடி கேட்கும், அடுத்த தடவை கொஞ்சம் குறைந்து கேட்கும். இது மெனியர் நோய், 1861-இல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற டாக்டர்தான் இந்த மாதிரிச் சுற்று மூளையிலிருந்து அல்ல, காதிலிருந்து வருகிறது என்று முதலில் சொன்னார். உள்காதுத் திரவம் அளவுக்கு மீறித் தேங்குவதாகப் பார்க்கிறார்கள்.

இதில் முதல் வைத்தியம் நம் அடுக்களையில் இருக்கிறது. பொதுவாக ஒரு நாளைக்கு 1500 முதல் 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே சுமார் 2300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அப்படியென்றால் காலைப் பலகாரம் முதல் ராத்திரிக் கஞ்சி வரை எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டிக்குக் கீழே. கருவாடு, ஊறுகாய், அப்பளம், நேந்திரங்காய் சிப்ஸ், பேக்கரி மிக்சர், இவை அந்தக் கணக்கில் அடங்காது. மீன் கூடாது என்றில்லை, பச்சை மீனில் உப்பைக் குறைத்துப் புளியையும் மிளகையும் கூட்டிக் குழம்பு வையுங்கள். மரச்சீனியை உப்பில்லாமல் வேகவைத்து, தேங்காய்த் துவையலில் மட்டும் கொஞ்சம் உப்பு. ஒரே நாளில் ரொம்பவும் கூட்டி அடுத்த நாள் ரொம்பவும் குறைப்பதைவிடத் தினமும் ஒரே அளவாக வைப்பது நல்லது. சாயா, காப்பியையும் சிகரெட்டையும் குறைக்கச் சொல்வார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கடையில் விற்கிற மாற்று உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கும்.

மருந்து என்றால் பீட்டாஹிஸ்டின், நீர் பிரியும் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் ஜென்டாமைசின் ஊசி, கடைசியாக அறுவை. ஜென்டாமைசின் அந்தக் காதின் நிலை உணர்வை வேண்டுமென்றே குறைப்பது, கேட்கும் திறனும் கொஞ்சம் போகலாம், அதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை.

நாள்கணக்குச் சுற்று

பெரும்பாலும் உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் நிலை நரம்பு வீங்குவதால் வருகிறது, வைரஸ்தான் காரணம் என்று கருதுகிறார்கள். திடீரென்று தொடங்கி இரண்டு மூன்று நாள் தலையைத் தூக்கவிடாது. காது நன்றாகக் கேட்டால் நரம்பு மட்டும், கேட்காமலும் போனால் உள்காதே பாதித்திருக்கிறது. முதலில் மூளைப் பிரச்சினை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், அதை மேலே சொன்னேன்.

வாந்தியும் சுற்றும் அடங்க சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் மாதிரி மாத்திரை தருவார்கள். இரண்டு மூன்று நாள் போதும். அதற்கு மேல் போட்டால், கெட்டுப்போன பக்கத்தை ஈடுகட்ட மூளை பழகுவதை அந்த மாத்திரையே தடுக்கும். வயதானவர்கள் இதை மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கமும் நடைத் தளர்வும் வரலாம், அப்புறம் அதற்கு வேறு மாத்திரை. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி அட்டை அட்டையாக வாங்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து எழுந்து நடமாட வேண்டும். சுவரில் கண் மட்டத்தில் ஒரு எழுத்தை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் "இல்லை" என்கிற மாதிரி ஆட்டுங்கள், எழுத்து மங்காத வேகத்தில். ஒரு நிமிஷம், நாளைக்கு மூன்று நாலு தடவை. அப்புறம் மேலும் கீழும். உட்கார்ந்து தொடங்கி, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே. கொஞ்சம் கிறக்கம் வந்தால்தான் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம், வாந்தி வரும்வரை போகாதீர்கள். தரையில் நேராக நடக்கத் தேறியதும் மணலுக்குப் போங்கள். சங்குத்துறையோ முட்டமோ, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் அரை மணி நேரம் மணலில் நடப்பது நல்ல பயிற்சி, கால் புதைகிற இடத்தில் உடம்பு நிலைகொள்ளப் பழகும். இருட்டிய பிறகு வேண்டாம், காது தவறும்போது கண்தான் துணை, வெளிச்சம் போனால் அதுவும் போகும். தனியாகக் குளத்திலோ கடலிலோ மூழ்கிக் குளிக்கவும் வேண்டாம், தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விடும்.

காது திடீரென்று போனால்

இப்போது என் கதை. ஒரு திங்கட்கிழமை காலை எழுந்தபோது இடது காதில் குக்கர் ஆவி வருகிற மாதிரி ஒரே இரைச்சல். போனை அந்தக் காதில் வைத்தால் சத்தமே இல்லை. லேசான கிறக்கம். வலி கிடையாது, அதனால் பயமும் வரவில்லை. அழுக்கு அடைத்திருக்கும் என்று மாமி வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் விட்டாள். மூன்றாம் நாள் ஒரு கிளினிக்குக்குப் போனேன், சொட்டு மருந்து தந்தார்கள், பத்து நாள் விட்டேன். இன்னொரு இடத்தில் சளி அடைப்பு என்று மூக்குக்குச் சொட்டு. காது கேட்கும் பரிசோதனை எடுத்தது 24-ஆம் நாள். அதைப் பார்த்ததும் அந்த டாக்டர் முதலில் கேட்டது, "முதல் வாரமே வந்திருக்கலாமே?" செவிப்பறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தார், கொஞ்சம்தான் திரும்பியது. இப்போது என் மகள் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குத் தெரியாது.

ஒரு காது திடீரென்று, அல்லது மூன்று நாளுக்குள், கேட்காமல் போனால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்காதோ நரம்போ பாதித்ததாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரத்துக்குள் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. சிலருக்குத் தானாகவே திரும்பும், யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டித் தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் ஸ்டீராய்டு என்றதும் பயந்து விடவேண்டாம், சர்க்கரையைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள், அல்லது செவிப்பறை வழி ஊசியாகக் கொடுப்பார்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் அழுக்கோ சளியோ இருக்கலாம். நல்ல காதில் அதிகமாகக் கேட்டால் நரம்புப் பக்கம் சந்தேகம். டாக்டர் இசைக்கவை என்கிற கவட்டை மாதிரியான உலோகக் கருவியைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே காரியம்தான். நல்ல காதில் கேட்டால் அன்றைக்கே கிளம்புங்கள். அடைத்த காதில் கேட்டாலும் இரண்டு நாளைக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் விடாதீர்கள். செவிப்பறை முழுதாக இருந்தால் அது உள்காதுக்குப் போகவே போகாது, ஓட்டை இருந்தால் போய்ப் புண்ணாக்கும்.

கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க முக்குளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூழ்கி எழுந்ததும் காது அடைத்து, இரைந்து, கூடவே சுற்று வந்தால் வெளிச் செவிப்பறையோடு நிற்கவில்லை, உள்காதை மூடியிருக்கிற மெல்லிய சவ்வு, ஜன்னல் என்பார்கள், கிழிந்திருக்கலாம். மறுபடி மூழ்காதீர்கள், மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் முக்குளிக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

ஊசி மருந்துகளும் காதைக் கெடுப்பதுண்டு. ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின். உயிரைக் காப்பாற்றுகிற மருந்துகள், நிறுத்தச் சொல்லவில்லை. அவை ஓடும்போது இரைச்சலோ தள்ளாட்டமோ தொடங்கினால் அன்றே சொல்லுங்கள். அம்மா வழியில் யாருக்காவது இப்படி ஊசி போட்டுக் காது போன கதை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், அந்தக் குறைபாடு தாய் வழியாகத்தான் இறங்குகிறது.

பரிசோதனைகள்

எல்லாவற்றுக்கும் முதலில் கேட்டல் பரிசோதனை, ஆடியோகிராம். தாளில் வட்டம் போட்ட கோடு வலது காது, பெருக்கல் குறி போட்டது இடது காது. கோடு மேலே இருந்தால் நல்லது, கீழே இறங்க இறங்க மந்தம், பெரியவர்களுக்கு 25 டெசிபல் வரை சரி. இடப்பக்கம் அடித்தொண்டைச் சத்தம், வலப்பக்கம் கீச்சுச் சத்தம். மெனியரில் ஆரம்பத்தில் இடப்பக்கம் இறங்கும், வயதானால் வலப்பக்கம் சரியும், சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். காற்று வழி, எலும்பு வழி இரண்டும் எடுத்தார்களா என்று கேளுங்கள், இரண்டும் இருந்தால்தான் அடைப்பா நரம்பா என்று பிரிக்க முடியும்.

சுற்று எந்தக் காது என்று தெரியாவிட்டால் கண்ணில் கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டி விழி அசைவைப் பதிவார்கள், காதில் 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். சுற்றும், சில நிமிஷத்தில் அடங்கும், அன்றைக்கு யாராவது கூட வரட்டும். ஒரு காது மட்டும் காரணமில்லாமல் மந்தமானாலும் ஒரு காதில் மட்டும் இரைச்சல் விடாமல் இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், நரம்பில் மெல்ல வளரும் கட்டி இல்லை என்று உறுதி செய்ய, அதைத் தள்ளிப்போடாதீர்கள். திரும்பிப் படுத்தால் மட்டும் நொடிக்கணக்கில் வருகிற சுற்றுக்குக் கழுத்து எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துப் பணம் செலவழிக்கும் முன், "சாய்த்துப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாங்கள் எட்டு மாதம் கேட்காத கேள்வி அது.

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள். காது திடீரென்று போனது என்றால் சீட்டு எழுதும் இடத்திலேயே "இரண்டு நாளா ஒரு காது கேக்கல்ல" என்று நாளோடு சொல்லுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாம், பிரஷர், சர்க்கரை உட்பட, ஒரு பையில். பழைய ஆடியோகிராம் இருந்தால் அதுவும். நீங்கள் குறித்த தாள், செல்போன் வீடியோ. வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தூரத்தில் இருக்கிற மலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், அம்மாவை அப்படித்தான் கூட்டிவந்தேன், வாந்தி எடுக்கவில்லை.